மூன்று கிளாஸ் சர்பத்

என் மாமா, அதாவது உம்மாவின் தம்பி, எந்த வேலையைக் கொடுத்தாலும் பாதியில் போட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விடுவார். சர்பத் கரைப்பது ஒன்றுதான் விலக்கு. அதற்கு மட்டும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கடைசிவரை நிற்பார். அதனால் சாச்சியின், உம்மாவின் தங்கையின், கலியாணத்தில் அந்தப் பொறுப்பு வேறு யாருக்கும் போகவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது. நாங்கள் புத்தளத்திலிருந்து மன்னார்த் தீவுக்குத் திரும்பி வந்து அதிக காலம் ஆகவில்லை. வீட்டின் ஒரு பக்கம் இன்னும் கூரைத் தகரம்கூட ஏறாமல் கிடந்தது. ஆனால் கலியாணத்துக்கு வந்தவர்களைக் குளிர்ந்த சர்பத் கொடுக்காமல், ஒரே பெரிய தட்டைச் சுற்றிச் சகனில் உட்காரவைப்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை.

உம்மா இந்த விஷயங்களில் மகா கவனம். வீடுகளுக்கு வருகிற மருத்துவிச்சி, மிட்வைப் அக்கா, ஒருமுறை சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, முதல்நாளே இரண்டு பெரிய பானை நிறையத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வெள்ளைத் துணியால் கட்டி வைத்திருந்தார். அந்தப் பக்கம் கோழி போனாலும் ஏச்சு எங்களுக்குத்தான். ஐஸ் காலையிலேயே டவுனிலிருந்து வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார்தான் வரவில்லை. முசலிப் பக்கத்திலிருந்து அவர்கள் ஏறிய பஸ் வழியில் படுத்துவிட்டதாம். அவர்கள் பாலம் தாண்டித் தீவுக்குள் வந்துவிட்டார்கள் என்று தகவல் வந்தபோது வாளியில் ஐஸ் இல்லை, தண்ணீர்தான் இருந்தது.

மாமா மோட்டார் சைக்கிளை எடுத்தார். புதுச்சட்டையோடு நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன். டவுனுக்குப் போய்வர நேரமில்லை. நேரே கடற்கரைக்குப் போய், அவருக்குத் தெரிந்த மீன் முதலாளியின் வாடிக்குள், அந்த ஓலைக் கொட்டகைக்குள், நுழைந்தார். மீன் பெட்டிகளுக்குப் போடுகிற ஐஸ் அங்கே சீமெந்துத் தரையில் உமிக்கடியில் கட்டி கட்டியாகக் கிடந்தது. ஒரு கட்டியைச் சாக்கில் சுற்றி எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். வீடு வருவதற்குள் என் வயிறு விறைத்துப்போனது. இது மீனுக்குப் போடுகிற ஐஸ்தானே என்று நான் வழியில் கேட்டேன்.

"மீனே பழுதாகாமக் கிடக்குது ஐஸில," என்றார் மாமா. "மனுசருக்கு மட்டும் பழுது வருமோ?"

கடற்கரையில் பிழைக்கிற எவருக்கும் இதற்கு மறுபேச்சு வராது. வளவின் பின்பக்கமாகக் கொண்டுபோய் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினார். உம்மா வாசலுக்குப் போன சமயம் பார்த்து, கொதித்து ஆறிய அந்தச் சுத்தமான தண்ணீருக்குள் ஐஸை உடைத்துப் போட்டார். வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு எனக்கு முதல் கிளாஸ். பிறகு நானாகப் போய் இன்னும் இரண்டு கிளாஸ் வாங்கிக் குடித்தேன். மாப்பிள்ளையின் வாப்பா நான்கு கிளாஸ் குடித்துவிட்டு, இப்படியொரு சர்பத்தை வாழ்நாளில் கண்டதில்லை என்று மாமாவின் தோளைத் தட்டினார். மாமாவின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும்.

ஒரு மாதம் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது, தின்றதெல்லாம் சத்தியாய் வெளியே வந்தது. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினார். நாலாம் நாள் கண் இரண்டும் மஞ்சளாகிவிட்டன. செங்கமாரி, மஞ்சள் காமாலை. அடுத்த கிழமைக்குள் எங்கள் தெருவில் பலருக்கும், பள்ளிக்கூடத்தில் சில பெரிய பிள்ளைகளுக்கும், ஒரு ரீச்சருக்கும் வந்தது. மாப்பிள்ளையின் வாப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்திருப்பதாக முசலியிலிருந்து செய்தி வந்தது. கீழ்க்காய்நெல்லி அரைத்து அரைத்து உம்மாவின் கை பச்சையாகிவிட்டது.

உடம்புக்கு வருத்தம் வந்தால் நேற்றுத் தின்றதைத்தான் யாரும் யோசிப்பார்கள். ஒரு மாதத்துக்கு முன் குடித்ததை யார் நினைப்பார்கள்? நேற்றுத் தின்றதைத் தேடியவர்களுக்கு அச்சாறு மாமி அகப்பட்டார்.

பள்ளிக்கூட வாசலில் மாங்காயையும் அம்பிரலங்காயையும் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிரட்டிக் கடதாசியில் சுற்றிக் கொடுக்கிறவர் அவர். வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில், ஒரே பெஞ்சில், இருந்த தோழியின் உம்மா. அவளுடைய வாப்பா கடலில் முதுகில் அடிபட்டு எழும்ப முடியாமல் வீட்டில் கிடந்தார். அந்த அச்சாற்றில்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதிபர் அவரை வாசலுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்கு முன்பே யாரோ அவருடைய தட்டத்தைத் தூக்கி மண்ணில் கொட்டியிருந்தார்கள். வகுப்பில் எங்கள் வாங்கில் இருந்த மற்ற இரண்டு பேரும் பின்வாங்குக்குப் போய்விட்டார்கள். என் தோழி சாப்பாடு கொண்டுவருவதும் நின்றுவிட்டது.

அந்த நேரத்தில்தான் பி.எச்.ஐ. வந்தார். சுகாதாரக் கந்தோரிலிருந்து வருகிற பரிசோதகர், அடம்பன் பக்கத்து ஆள், இளவயது. கிணறுகளுக்குக் குளோரின் போட்டுவிட்டு வீடு வீடாக ஏறி, ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனார். அவருடைய கேள்விகள் ஊருக்கு நல்ல பகிடியாக இருந்தன. இந்த வருத்தம் உடம்புக்குள் போய் ஏறக்குறைய ஒரு மாதம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத்தான் கண்ணில் தெரியும், ஆகவே போன மாதம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அதைவிடப் பகிடி, வருத்தம் வந்தவர்களிடம் கேட்ட அதே கேள்விகளை வராதவர்களிடமும் உட்கார்ந்து கேட்டார். சுகமாக இருக்கிறவனிடம் போய் வருத்தத்தைப் பற்றிக் கேட்கிற மனுசனை எங்கள் ஊர் அதுவரை கண்டதில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது கொப்பியில் கலியாணம் வந்துவிட்டிருந்தது. உம்மா தண்ணீர் கொதிக்கவைத்த கதையை விரிவாகச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஐஸ் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டார்.

பாயில் கிடந்த மாமா தலையைத் தூக்கினார். "டவுனிலயிருந்து, சேர். வேணுமெண்டா பிள்ளையைக் கேளுங்கோ."

மறைப்புத் துணிக்குப் பின்னால் சாச்சி நின்றார். நகங்களில் கலியாண மருதாணி இன்னும் முழுதாக அழிந்திருக்கவில்லை. மாமனார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். மீன் ஐஸைக் கரைத்துக் கொடுத்த வீட்டுப் பெண் என்று ஆயுசு முழுவதும் கேட்கப்போவது சாச்சிதான் என்பது எனக்கே விளங்கியது. நான் தலையாட்டினேன். பொய் என்று ஒரு சொல்லும் என் வாயிலிருந்து வரவில்லை.

எனக்கென்று ஒரு நியாயமும் வைத்திருந்தேன். மூன்று கிளாஸ் குடித்த எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஆகவே ஐஸில் குற்றமில்லை. தினமும் அச்சாறு தின்கிற என் தோழிக்கும் ஒன்றுமில்லை. ஆகவே மாமியிலும் குற்றமில்லை. இப்படி எல்லோரையும் விடுதலை செய்த பிறகும் அவள் பக்கத்தில் இருந்து என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கக் கூசியது. அதற்காக நான் ஒரு நல்ல காரியம் செய்யத் தொடங்கினேன். முன்பு எப்போதாவது சாப்பாட்டைப் பங்கிடுவோம். இப்போது ஒவ்வொரு நாளும் என் பெட்டியைத் திறந்து நடுவில் வைத்தேன். ரொட்டியை நானே பிய்த்துச் சம்பலில் தொட்டு அவள் வாயில் வைப்பேன். பள்ளிக்கூடக் குழாயில் தண்ணீர் வருவது அருமை. மலசலகூடத்துக்குப் போய்வந்தால் சட்டையில் கையைத் துடைத்துக்கொள்வதுதான் எங்கள் எல்லோருடைய வழக்கமும்.

கிழமைகள் போயின. பி.எச்.ஐ. விடவில்லை. அச்சாறு விற்கிறவரின் மகள் கலியாணத்துக்கு வரவில்லை, அச்சாறு தினமும் தின்றிருக்கிறாள், அவளுக்கு வருத்தமும் இல்லை, அப்படியானால் குற்றம் அச்சாற்றிலா என்று அதிபரிடமே போய்க் கேட்டார். அதிபர் யோசித்து, மாமி திங்கட்கிழமையிலிருந்து வாசலுக்கு வரலாம் என்றார். என் தோழி அந்தச் செய்தியை என்னிடம் சொன்னபோது என் கையைப் பிடித்துக் குதித்தாள். எனக்கு அவளைவிடச் சந்தோஷம். உண்மையைச் சொல்லாமலே காரியம் முடிந்துவிட்டதே.

திங்கட்கிழமை மாமி தட்டத்தோடு வரவில்லை. என் தோழிக்குச் சத்தி. கண் மஞ்சள்.

தாய் கையால் தின்ற பிள்ளைக்கே வந்துவிட்டதாம், இனி வேறென்ன சாட்சி வேண்டும் என்று ஊர் கேட்டது. அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு நறுவிலிக்குளத்துப் பக்கம் கூலிவேலை தேடிப் போகப்போவதாகப் பேச்சு வந்தது. அதைக் கேட்ட அன்றே பள்ளிவாசல் கிணற்றடியில் பி.எச்.ஐ. நின்ற இடத்துக்குத் தனியாகப் போனேன். ஐஸ் டவுனிலிருந்து வரவில்லை, வாடியிலிருந்து வந்தது என்று அழுதுகொண்டே சொன்னேன்.

அவர் ஏசவில்லை. கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தார். "நீங்களும் குடிச்சனீங்களோ, பிள்ளை?"

"மூண்டு கிளாஸ். எனக்கு ஒண்டும் வரேல்ல."

எழுதினார். எழுதிக்கொண்டே, கலியாணத்துக்கு வராத என் தோழியைப் பற்றிக் கேட்டார். "அந்தப் பிள்ளையோட ஆர் சேர்ந்து சாப்பிடுறது?"

கடைசியில் என் நல்ல காரியத்தைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "நான்தான். ஒவ்வொரு நாளும், ஒரே பெட்டிக்குள்ள. நான்தான் அவவுக்குத் தீத்திவிடுறனான்."

பேனை நின்றது. அவர் என் கைகளைப் பார்த்தார். கொப்பியை மூடினார். "நீங்கள் சொன்னது பெரிய உதவி," என்றார். "இனிச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிப்போட்டுத்தான் சாப்பிட வேணும். விளங்குதோ?"

ஓம் என்றேன். ஆனால் மனதுக்குள் பெரிய குறை. மாமாவின் ஐஸை எழுதினார், மூன்று கிளாஸை எழுதினார், நான் சாப்பாடு கொடுத்ததை மட்டும் எழுதவில்லை.

பிறகு எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. பி.எச்.ஐ. பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடம் ஐஸைப் பற்றிச் சொன்னார். யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை, மாமாவே ஒத்துக்கொண்டார். எழும்பி நடக்க முடிந்த முதல் நாளே மாமா அச்சாறு மாமியின் வீட்டுப் படலையில் போய்த் தலைகுனிந்து நின்றார். சாச்சியின் மாமனார் சுகமாகி வந்து, நாலு கிளாஸ் குடித்தது என் ஆசையல்லவா, அதற்கு மருமகள் என்ன செய்வாள் என்று சிரித்தார். நாங்கள் பயந்ததெல்லாம் வீண். என் தோழி ஒரு மாதம் கழித்து, மெலிந்துபோய், பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வருத்தம் கண் மஞ்சளாகாமலே வந்துபோகலாம் என்றும், சுகமாக ஓடித்திரிகிற அந்தப் பிள்ளையின் கழுவாத கையிலிருந்தும் அடுத்தவருக்குத் தொற்றும் என்றும் போன வருடம் என் மகனின் முன்பள்ளிக்கு வந்த மிட்வைப் சொன்னார். தாய்மார் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். நான் மட்டும் எழும்பி வெளியே போய்க் குழாயடியில் நின்றேன்.

அந்த வருடம், மாமி திரும்பக் கடைபோட்ட முதல் நாள், என்னைக் கண்டதும் கூப்பிட்டார். நான் காசை நீட்டினேன், வாங்கவில்லை. சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"என்ட பிள்ளைய எல்லாரும் தள்ளி வச்ச நேரம், தன்ட கையால சோறு தீத்தினது இந்தப் பிள்ளைதான்."

பி.எச்.ஐ. எழுதாமல் விட்டதற்கு இது போதும் என்று எனக்குத் தோன்றியது. கையை நீட்டினேன். மாமி அந்தக் கையைப் பிடித்துக் கொஞ்சிவிட்டு, பெரிய மாங்காய்த் துண்டாகப் பார்த்து அதில் வைத்தார்.