பாலைவனப் படத்துக்குக் கதை சொன்ன காலம்

1. சுன்னாகம்

பேசாப் படக் காலத்தில் படத்துக்குக் கதை சொல்வதும் ஓர் உத்தியோகம். திரையில் இங்கிலிஷ் எழுத்து விழும். பக்கத்தில் நின்று தகரக் குழாயை வாயில் வைத்து அதைத் தமிழில் சொல்லவேண்டும். புகையிலைக் கடை வேலையை விட்டுவிட்டு நான் ஒரு கூடாரச் சினிமாக் கொம்பனியில் சேர்ந்தேன். முதல் நாள் சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்து வெளியில் காட்சி. பாலைவனத்தில் வழி தவறிய ஒருவனின் சாகசக் கதை.

மலிவாக எடுத்த படம். முழுப் படத்துக்கும் இரண்டு ஒட்டகம், ஒரு கூடாரம். கொள்ளைக்காரர் எப்போது துரத்தினாலும் அதே மணல்மேட்டைத்தான் சுற்றி வந்தார்கள்.

"உது பாலைவனமோ? எங்கடை மணற்காட்டுக் கடற்கரையெல்லோ!" என்று முன்னால் இருந்த, கிணற்றுத் துலா மிதித்துத் தண்ணீர் இறைக்கும் ஒருவர் கத்தினார். கூடாரம் முழுதும் சிரிப்பு. பயத்தில் நான் இன்னும் உரக்கக் கதைத்தேன். இல்லாத வசனமெல்லாம் சேர்த்தேன். சிரிப்புக் கூடியது.

காட்சி முடிந்ததும் முதலாளி கூப்பிட்டார். "நாளைக்கும் உப்பிடியெண்டால் கூடாரத்தைப் பிடுங்கவேண்டியதுதான். நீயும் வேறை வேலை பார். இப்ப போய் வாசலிலை நிண்டு, சனம் என்ன சொல்லுது எண்டு கேள்."

கடையில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். போக்கிடம் இல்லாமல் வாசலில் நின்று கேட்டேன்.

"ஒட்டகம் நல்லா நடிச்சுது. மனிசர்தான் சரியில்லை" என்றார் ஒருவர். சண்டை காணாது, இன்னும் வேண்டும் என்றார் இன்னொருவர். வெங்காயத் தோட்டம் செய்யும் செல்லம்மாக்கா மட்டும் நின்று கதைத்தார்.

"படம் பிழையில்லைத் தம்பி. அந்த மனிசன் தவண்டுபோய்க் கிணத்தை எட்டிப் பாக்கிறான், தண்ணி இல்லை. அந்த இடத்திலை நீர் ஏன் கதைச்சனீர்?"

"என்ன நடக்குது எண்டு சொல்லவேணுமெல்லோ அக்கா?"

"வத்தின கிணத்தை எங்களுக்கு நீர் விளங்கப்படுத்தவேணுமோ? எங்கடை கிணறும் இந்த முறை அடி தெரியுது."

மறுநாள் அந்தக் காட்சி வந்ததும் குழாயை இறக்கினேன். படத்துக்கு வாசிக்கும் ஆர்மோனியக்காரரையும் நிறுத்தச் சொல்லியிருந்தேன். மெசின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் கிணற்றை எட்டிப் பார்த்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஐயோ, ஆராவது அவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுங்கோவன்!"

முதல் நாள் கத்திய அதே துலாக்காரர்தான். பிறகு மணல்மேடு வந்தபோது சனம் மறுபடி சிரித்தது. அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை.

என் வேலையைப் பற்றி முதலாளி ஒரே சொல்தான் சொன்னார்: "நில்."

2. குருநகர்

அதே படத்தைக் கடற்கரை ஊரான குருநகருக்குக் கொண்டுபோனோம். வித்தை பிடிபட்டுவிட்டது என்ற எண்ணத்தில் கிணற்றுக் காட்சியில் வாயை மூடினேன். சனம் தங்கள்பாட்டில் கதைத்துக்கொண்டிருந்தது. "உது கடற்கரை மணல். ஈரம் தெரியுது" என்றார் படகும் வலையும் வைத்திருந்த ஒரு சம்மாட்டியார்.

வாசலில் மறுபடியும் கேட்டேன். புருசன் கடலுக்குப் போயிருந்த ஒரு பெண் சொன்னார்: "கிணறு கிடக்கட்டும் தம்பி. அவன்ரை பெண்சாதி படலையிலை நிண்டு பாதையைப் பாக்கிறாள். அப்ப பேசாமல் இரும்."

மறுநாள் அவர் மறுபடி வந்திருந்தார். திரையில் அந்தப் பெண் படலைக்கு வந்ததும் நான் நிறுத்தினேன். பெண்கள் பக்கத்தில் யாரோ மெல்லச் செபம் சொல்லத் தொடங்கினார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பேசும் படம் வந்ததும் அந்த உத்தியோகம் போய்விட்டது. அதற்குள் நான் படித்தது இதுதான்: சபைக்கு முன்னால் நிற்பவன் எங்கே நிறுத்தவேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். அதை அந்த ஊர்ச் சனத்திடம்தான் கேட்கவேண்டும். என்னைத் துரத்தாமல் நின்று சொல்லித் தந்த அந்த இரண்டு பெண்களையும் நன்றியோடு நினைக்கிறேன்.

அந்த இரண்டாம் நாள் காட்சி முடிந்து வெளியே வரும்போது குருநகர் அக்காவின் முகம் தெளிந்திருந்தது.

"அவன் வீட்டை வந்து சேர்ந்திட்டான் தம்பி."

"நேற்றும் பாத்தனீங்கள்தானே அக்கா? வருவான் எண்டு தெரியுமெல்லோ?"

"தெரியும். எண்டாலும் வந்து சேருமட்டும் ஆர் கண்டது?"