முதுகிலும் எழுத்திருந்த கல்

கள்ளக்குறிச்சியில் கல்வெட்டு வெட்டித் தருவது என் தொழில். எனக்குச் சோறு போடுகிறவர்கள் அமைச்சர்கள். அவர்கள் திறக்காத கட்டடம் உண்டா? கழிப்பறைக்குக்கூடக் கருப்பு கிரானைட்டில் பொன்னெழுத்து கேட்பார்கள். 'மாண்புமிகு' என்ற சொல்லைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் வெட்டுவேன்.

ஆட்சி மாறினால் பழைய கல் பெயர்ந்து என் பட்டறைக்கே வந்துவிடும். அதைத் திருப்பி, பின்பக்கத்தை இழைத்து, புது அமைச்சரின் பெயரை வெட்டுவேன். பழைய பெயர் சுவருக்குள் போய்விடும். ஒப்பந்தக்காரர் புதுக் கல் என்று பில் போட்டுக்கொள்வார். எங்கள் தொழிலில் இதெல்லாம் ஒரு தப்பே இல்லை.

ஒருநாள் ஒப்பந்தக்காரர் ஒரு தாளோடு வந்தார். கல்வராயன் மலையில் என் மனைவி பிறந்த ஊருக்குப் போகும் தார்ச்சாலையை மூத்த அமைச்சர் ஒருவர் திறந்துவைக்கிறாராம். அதே சாலையைப் போன ஆட்சியின் அமைச்சரும் திறந்திருந்தார். அந்தக் கல்லை வெட்டியவனும் நான்தான். சாலை மட்டும் இன்னும் வரவில்லை.

"ரோடே போடலியே, இன்னாத்தங்க தொறக்கறாரு?" என்று கேட்டேன்.

"போடத்தான்யா பணம் வந்துச்சு. அமைச்சருக்குப் போனது போக, ஆபீசருக்குப் போனது போக, ஜல்லிக்குக் கம்மியாப் பூடுச்சு. நீ பழைய கல்லையே திருப்பி வெட்டு."

வீட்டில் சொன்னதும் மனைவி கொதித்தாள். அந்த ஊரிலேயே இருந்த அவள் தங்கை அப்போது நிறைமாதக் கர்ப்பிணி.

"அவளக் கம்புல தூளி கட்டித் தூக்கிக்கினு வரணும். நீங்க ரோடு இருக்குதுன்னு எழுதுவீங்களா?"

வெட்கமாகத்தான் இருந்தது. மாட்டேன் என்றால் அரசாங்க வேலை எல்லாம் அடுத்த கடைக்குப் போய்விடும். வெட்டிக் கொடுத்தேன்.

விழாவன்று மலையேறும் முக்கில் அமைச்சரின் கார் திரும்புகிற அளவுக்குத் தார் பூசியிருந்தார்கள். அதற்கு மேலே பாதை பழையபடி கரடும் மண்ணும்தான். போன ஆட்சியில் இருந்தவர்கள் எல்லாம் திருடர்கள் என்று அமைச்சர் அரைமணி நேரம் முழங்கினார். பிறகு திரையை விலக்கினார். அப்போதுதான் என் தப்பு எனக்கே தெரிந்தது. கல் எங்கே நிற்கப் போகிறது என்று நான் கேட்கவே இல்லை. அங்கே சுவர் ஏது? ஒரு பீடத்தின்மேல் தனியாக நிறுத்தியிருந்தார்கள்.

முன்னால் கட்சிக்காரர்கள் அடைத்துக்கொண்டதால் மலைச்சனம் கல்லுக்குப் பின்னால் நின்றது.

"இந்தப் பக்கம் அந்தத் திருடரு பேரு இருக்குதே! அதே ரோடு, அதே தூரம்!" என்று ஒரு பெண் கத்தினாள். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது.

அமைச்சர் சுற்றி வந்து பார்த்தார். வானுக்கும் பூமிக்கும் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் ஒப்பந்தக்காரரின் காதருகே குனிந்து, "கல்லுக்கு எவ்ளோ பில்லு போட்ட?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற என் காதிலும் விழுந்தது. சாலை காணாமல் போனதில் அவருக்குப் பங்கு போயிருந்தது. கல்லில் அடித்த பணத்தில் மட்டும் பங்கு போகவில்லை. பாவம், மனுஷன் முகம் விழுந்துவிட்டது.

மாலைக்குள் பழைய பெயர்மேல் சிமெண்ட் பூசிவிட்டார்கள்.

அடுத்த வாரம் மனைவியின் தங்கையை நான்கு பேர் தூளியில் தூக்கி வந்தார்கள். கார் திரும்பிய அந்தத் தாரில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. வண்டியில் ஏற்றுவதற்குள், பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடிக்க, கல்லுக்குப் பின்னால் பெண் குழந்தை பிறந்தது. இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என் மனைவி முகத்தில் நான் எப்படி விழித்திருப்பேன்?

ஆஸ்பத்திரியில் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு என் மனைவி கேட்டாள்: "அந்தக் கல்லு பின்னாடி இப்போ வெறும் சிமெண்ட்டுதான இருக்குது?"

மறுநாள் உளியோடு மலைக்குப் போனேன். 'சாலை இல்லாததால் இங்கே ஒரு குழந்தை பிறந்தது' என்று வெட்டினேன். கருங்கல் போலில்லை, அந்தச் சிமெண்ட் உளிக்கு உதிர்ந்துகொண்டே இருந்தது. எழுத்து கொஞ்சம் கோணல்தான்.