வேண்டுமென்றே போட்ட தப்பு

கணக்கு வாத்தியாருக்குக் கொஞ்ச காலமாக எல்லார் மேலும் சந்தேகம். ஆசிரியர் அறைக்குள் அவர் நுழைந்தால் பேச்சு அடங்கிவிடுகிறது. மாடியிலிருந்த அவர் வகுப்பைத் தலைமையாசிரியர் கேட்காமலே கீழே மாற்றிக் கொடுத்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

"என்னைக் கிளப்பிட்டு, பத்தாம் வகுப்பை அந்த சயின்ஸ் வாத்தியாருக்குக் கொடுக்கப் பாக்குறாங்க. சர்வீஸ் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. ஒரு நாள் முன்னாடி போகமாட்டேன்" என்றார் மனைவியிடம்.

"உங்க முட்டிவலிக்காக மாத்தியிருப்பாங்க. காப்பியில சர்க்கரை குறைஞ்சாலே சதிங்கிற ஆளாச்சே நீங்க" என்றாள் அவள்.

மறுநாள் கரும்பலகையில் கூட்டல் குறி வரவேண்டிய இடத்தில் வேண்டுமென்றே கழித்தல் போட்டார். அப்படித் தப்புப் போட்டு, கண்டுபிடிக்காத பிள்ளைகளைத் தூங்குமூஞ்சி என்று கிண்டல் செய்வது அவர் வழக்கம். அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் மனதையும் கலைத்துவிட்டார்களோ?

"ஏம்மா, கண்ணு தெரியலையா?" என்று முதல் பெஞ்சுக்காரியைக் கேட்டார்.

அவள் தயங்கி எழுந்தாள். "தெரிஞ்சுது சார். முன்னல்லாம் நாங்க சொன்னதும் சிரிப்பீங்க. இப்பல்லாம் ரொம்ப நேரம் போர்டையே பாக்குறீங்க. அப்புறம்தான் வேணும்னு போட்டேங்கிறீங்க. உங்க மனசு நோகக் கூடாதுன்னு நாங்களே சரியா எழுதிக்கிறோம் சார்."

அவர் குறியைத் திருத்தினார். பிறகு மேலே இருந்த வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இன்னொரு தப்பு இருந்தது. அதைப் போட்ட ஞாபகமே அவருக்கு இல்லை.

மணி அடித்ததும் தலைமையாசிரியரிடம் போய், "இந்த வருஷத்தோட போதும் சார்" என்றார்.

தலைமையாசிரியர் ஏனென்று கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.