பூங்காக் கரையை வெட்டியது யார்?

2011-ம் வருடம், ஐப்பசி மாதம். ஒரகடத்திலிருந்து சேரப்பணஞ்சேரி பக்கம் போகிற சாலையில், கார் உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தேன். சூப்பர்வைசர் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். என் கீழே ஆறு பெண்களும் பதினான்கு துடைப்பங்களும் இருந்தன. நான் சொன்னதைக் கேட்டவை துடைப்பங்கள் மட்டும்தான்.

அந்த வருடம் தொழிற்சாலையின் மதில் சுவருக்கும் பக்கத்துக் கிராமத்துக்கும் நடுவே சும்மா கிடந்த ஒன்றரை ஏக்கரில் கம்பெனி ஒரு பூங்கா போட்டது. ஊர்க்காரர்களும், லைன் வீடுகளில் வாடகைக்குத் தங்கியிருந்த என்னைப் போன்ற வெளியூர் ஆட்களும் சாயங்காலம் ஒன்றாக வந்து உட்கார வேண்டும், வெயிலுக்கு நிழல் வேண்டும், மழை பெய்தால் சாலைத் தண்ணீரையும் ஷெட் கூரைத் தண்ணீரையும் அந்த இடம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். சென்னையிலிருந்து லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் அம்மா ஒருவர் வந்து, மேஜையில் வரைபடத்தை விரித்து அரை மணி நேரம் விளக்கினார். நான் அரை மணி நேரம் தலையாட்டினேன். அவர் உட்கார்ந்த பக்கத்திலிருந்து வரைபடம் நேராக இருந்தது. என் பக்கத்திலிருந்து தலைகீழாக இருந்தது. எழுந்து அந்தப் பக்கம் போய் நின்று பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்புறம் அதை நான்காக மடித்து அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டேன். அவ்வளவு பத்திரமாக நான் வேறு எதையும் வைத்ததில்லை, வெளியே எடுக்கவே இல்லை.

பூங்காவைப் பார்த்துக்கொள்ள என்னைப் போட்டதற்குக் காரணம், வரவேற்பறைச் செடிகள் என் பொறுப்பில் வாடாமல் இருந்ததுதான். அதில் பாதி பிளாஸ்டிக் என்பதை மேனேஜரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "அடுத்த வெள்ளிக்கிழமை ஹெட் ஆபீஸ்லேர்ந்து வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க. மொதல்ல பார்க்கைத்தான் பாப்பாங்க. அதுவரைக்கும் அங்க ஒரு புல்லு அசையக் கூடாது. ஒழுங்கா பாத்துக்க, பெர்மனென்ட் லிஸ்ட்ல உன் பேரைப் போட்டுடறேன்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று வருடமாகக் காண்ட்ராக்ட்டில் இருந்தவன் நான். ராமநாதபுரம் பக்கம் எங்கள் ஊரில் எனக்குப் பெண் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளை பெர்மனென்ட் ஆகட்டும், பாக்கு வெத்தலை மாத்திக்கிருவோம்" என்று சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆக, என் கல்யாணமே அந்தப் புல்லில் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை காலை பூங்காவைச் சுற்றி வந்தேன். புல்தரையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மண்கரை போட்டு, அதன் மேலும் புல் பதித்திருந்தார்கள். ஊர்ப்பக்க மூலையில், தாங்கலைப் பார்த்த இடத்தில், கரை ஒரு முழத்துக்கு அறுந்து கிடந்தது. தாங்கல் என்றால் அந்த ஊரின் சின்ன ஏரி.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் கண்மாய்க்கரையிலோ வரப்பிலோ ஒரு உடைப்பைப் பார்த்துவிட்டு யாரும் சும்மா தாண்டிப் போக மாட்டார்கள். அது யார் வயலாகவும் இருக்கட்டும், கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி கட்டிப் போகிறவராகவே இருக்கட்டும், நின்று காலால் மண்ணைத் தள்ளி மிதித்து அடைத்துவிட்டுத்தான் போவார். வருகிற தண்ணீரே எப்போதாவதுதான் வரும். அதைப் போகவிடுவது பாவம். என் காலும் அந்த ஊர்க் கால்தான். நான் யோசிப்பதற்குள் அது மண்ணைத் தள்ளி, மிதித்து, வேலையை முடித்துவிட்டது. மேலே புல் பத்தையும் வைத்து, தண்ணீரும் தெளித்தேன். காண்ட்ராக்டர் விட்டுப்போன குறையை நிவர்த்தி செய்த பெருமையோடு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், கரை மறுபடியும் அறுந்து கிடந்தது. அதே இடம், அதே ஒரு முழம்.

மாடு மிதித்திருக்கும் என்று நினைத்தேன். அடைத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் அறுந்தது. மாட்டுக்கு இவ்வளவு நேர்கோட்டில் மிதிக்கத் தெரியாதே என்ற சந்தேகம் அப்போதுதான் வந்தது. மண்வெட்டித் தடம் தெளிவாக இருந்தது. என் பெர்மனென்ட்டை எவனோ மண்வெட்டியால் கொத்துகிறான். எனக்கு எதிரி என்று சொல்லிக்கொள்ளக்கூட அந்த ஊரில் யாரையும் தெரியாது. மூன்று வருடத்தில் மெஸ்காரரையும் கூட வேலை பார்ப்பவர்களையும் தவிர யார் முகமும் மனதில் இல்லை. தெரியாதவர்கள் எதற்காக இப்படிச் செய்ய வேண்டும்?

திங்கட்கிழமை ஒரு பலகையில் "கரையை வெட்டாதீர். மீறினால் நடவடிக்கை" என்று பெயிண்டில் எழுதி நட்டேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் கரை வெட்டப்பட்டிருந்தது. என் பலகையை யாரோ பிடுங்கி, கால் நனையாமல் தாண்டுவதற்கு வசதியாக அந்த வெட்டின் மேலேயே குறுக்கே போட்டிருந்தார்கள். எழுத்து மேலே பார்த்தபடி இருந்தது. "நடவடிக்கை" என்ற சொல்லின் மேல் ஒரு செருப்புத் தடம்.

இனி பலகை போதாது என்று, மெயின் கேட் செக்யூரிட்டி அண்ணனைக் கூப்பிட்டு அங்கேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவரும் அந்த ஊர்க்காரர்தான். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கரை வெட்டிக் கிடக்கிறது, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"யாருண்ணே வந்தது?"

"யாரும் வர்ல."

"அப்புறம் இது?"

"இதுவா, நாந்தான் வெட்னேன்."

"காவலுக்குத்தானண்ணே உங்கள வச்சேன்."

"யாரும் வெட்டாம பாத்துக்கச் சொன்ன. பாத்துக்கினேன். நான் வெட்றதப் பத்தி நீ ஒண்ணும் சொல்லலியே. வானம் இருட்டிக்கினு வருது பாரு."

சரி, குற்றவாளி கிடைத்தான் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. அன்றைக்கு வெட்டியது யார்? பாத்திரத்தில் பாலோடு சைக்கிளில் போன பால்காரரை நிறுத்திக் கேட்டேன். அவர் சைக்கிளிலிருந்து இறங்கக்கூட இல்லை. "ஞாயித்துக்கெயமையா? நாந்தான். அதுக்கு இன்னா இப்போ?" என்று கேட்டுவிட்டு மிதித்துப் போய்விட்டார். சனிக்கிழமை வெட்டியது என்னிடமே வேலை பார்த்த அக்கா. என் ஆறு பேரில் மூத்தவர், அவருக்கும் அதே ஊர்தான், கழனி இருந்த காலத்தில் மண்வெட்டி பிடித்த கை. "போற வயில கொஞ்சமா கீறி வுட்டேன் சார்" என்று, குப்பையை எடுத்துப் போட்டதைச் சொல்வதுபோலச் சொன்னார். பலகையை எடுத்துப் பாலம் போட்டது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் இன்னும் ஒரு படி மேலே போய், "நல்ல பலகை சார், யாரு குடுத்தது" என்று விசாரித்தார்.

உங்களுக்கே தெரியும், திருடனைத் தேடும் கதையில் எல்லோரும் இல்லை என்று சொல்வார்கள். என் கதையில் கேட்ட ஆளெல்லாம் ஆமாம் என்றார்கள். ஒருவருக்கும் குற்ற உணர்ச்சி இல்லை. ஒருவர் வெட்டியது இன்னொருவருக்குத் தெரியவும் தெரியாது. இது என்ன மாதிரியான சதி என்று புரியாமல் நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஊரே சேர்ந்து என் கல்யாணத்தை நிறுத்தப் பார்ப்பதாகக்கூட ஒரு எண்ணம் வந்தது.

வியாழக்கிழமை கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். எட்டு சிமெண்ட் சாக்கில் மணலை நிரப்பி, அந்த இடத்தில் இரண்டு வரிசையாக அடுக்கி, மேலே புல் போர்த்தினேன். எட்டு மூட்டையையும் நானே இழுத்தேன். அக்கா தூரத்தில் நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"இன்னா சார், கோட்டை கட்றியா?"

"ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கங்கக்கா. நாளைக்கு அவுக வந்துட்டுப் போகட்டும்."

"நீ பொறுத்துக்குவ. அது பொறுத்துக்குமா" என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே மழை பிடித்தது. எட்டு மணிக்குப் பூங்காவில் கணுக்கால் தண்ணீர். எட்டரைக்கு முழங்கால். சாலைத் தண்ணீரும் ஷெட் கூரைத் தண்ணீரும் வந்து நிறைய நிறைய, என் கரை அசையவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆனந்தம். எங்கள் ஊரில் கண்மாய் நிறைந்தால் கிடா வெட்டிப் பொங்கல் வைப்போம். குடையைப் பிடித்துக்கொண்டு செல்போனில் போட்டோ எடுத்தேன். "நம்ம கையால நிறைஞ்சது" என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்லலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒரு பச்சை வாளி மிதந்து வந்தது. நல்ல வாளி, யாருடையதோ என்று பார்த்தேன். கைப்பிடியில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. என்னுடையது.

தாங்கல் பக்கம் போக வழியில்லாத தண்ணீர், பள்ளமாக இருந்த எங்கள் லைன் வீடுகள் பக்கம் திரும்பியிருந்தது. ஓடினேன். பத்து அறைகள். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்த பையன்கள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லா அறையிலும் செல்போன் சார்ஜுக்காக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில்தான் கிடக்கும். அதை நினைத்ததும் ஸ்விட்ச் போர்டு பக்கம் பாய்ந்தேன். அதற்குள் செக்யூரிட்டி அண்ணன் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு, ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தார். பால்காரர் ஒருவனைத் தோளில் சாய்த்து வெளியே கொண்டுவந்தார். அவன் தூக்கம் கலையாமலே, "அண்ணே, டேங்க் நெறஞ்சு வழியுது, மோட்டர நிறுத்துங்கண்ணே" என்று என்னிடம் சொன்னான்.

அக்கா ஒரு கையில் யாருடைய துணிமூட்டையோ, மறு கையில் மண்வெட்டியோடு வந்தார்.

"மூட்டை வெயிட்டா கீது, என்னால அசைக்க முடியல. நீ வந்து இயு."

நான் கேட் பக்கம் பார்த்தேன். இரண்டு வெள்ளைக் கார்கள் உள்ளே வந்துகொண்டிருந்தன. சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, நான் அந்த இடத்தில் நின்றேன். அதிகம் போனால் பத்து விநாடி இருக்கும். ஒரு புல் அசையக் கூடாது என்ற மேனேஜர் குரலும், பாக்கு வெத்தலை என்ற இன்னொரு குரலும் காதில் கேட்டன.

"நீங்க முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லக்கா" என்றேன். அந்த நேரத்திலும் பழியை வேறு பக்கம் தள்ளப் பார்க்கிற புத்தி.

"யாரு வெட்னது, யாரு வெட்னதுன்னு ஊர்பூரா கேட்டுக்கினு திரிஞ்ச. எதுக்கு வெட்னீங்கன்னு ஒருத்தர கேட்டியா?"

கரைக்குத் திரும்பி ஓடி, மூட்டையைப் பிடித்து இழுத்தேன். எட்டில் ஐந்தை இழுத்ததும் மிச்சம் மூன்றைத் தண்ணீரே தள்ளிக்கொண்டு போய்விட்டது, கூடவே என்னையும் நாலடி. எழுந்து, அக்கா கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, இரண்டு பக்கமும் இன்னும் அகலமாக வெட்டினேன். புல் பத்தைகள் தாங்கலைப் பார்த்து ஊர்வலம் போயின. கால் மணி நேரத்தில் லைன் வீட்டு வாசலில் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது.

நிமிர்ந்து பார்த்தால், கரை மேல் வரிசையாகக் குடைகள். ஹெட் ஆபீஸ்காரர்கள், மேனேஜர், கூடவே ஆர்க்கிடெக்ட் அம்மா. நான் தலை முதல் கால் வரை சேறு. அந்த அம்மா கையிலிருந்த வரைபடத்தைப் பிரித்து ஓரிடத்தில் விரல் வைத்தார். எட்டிப் பார்த்தேன். இந்தத் தடவை நேராகத் தெரிந்தது. கரையில் நான் நின்ற இடத்தில், கோடு ஒரு முழத்துக்கு அறுந்திருந்தது. அவர் முன்பே அந்த ஊர் மனிதர்களோடு நடந்து, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டுத்தான் அந்த வழியை விட்டிருக்கிறார். மழை இருட்டினால் கழனி யாருடையதாக இருந்தாலும் போகிறவர் மடையைத் திறந்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். பார்க்கிறவர் அடைத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். இரண்டு வழக்கமும் ஒரே ஒரு முழ இடத்தில் ஒரு வாரம் சண்டை போட்டிருக்கின்றன.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். பாராட்டா, திட்டா என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டேன்.

பெர்மனென்ட் லிஸ்ட் வந்தது. என் பெயர் இல்லை. வரைபடத்தில் இருந்த வழியை அடைத்ததற்காக எடுத்துவிட்டார்கள் என்றார் ஆபீஸில் ஒருவர். விருந்தாளிகள் கண் முன்னால் கரையை வெட்டியதற்காக என்றார் இன்னொருவர். மேனேஜரையே கேட்டேன். "ரெண்டுக்கும்தான்னு வச்சுக்கயேன்" என்றார்.

பெண் வீட்டுக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பெண்ணின் அப்பா கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். "வேலை இன்னொன்னு கிடைக்கும் தம்பி, அதை விடுங்க. வந்த தண்ணியவா திறந்துவிட்டீக?" என்றார். அத்தோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது.

அறையில் எல்லாம் நனைந்துவிட்டதால் அடுத்த நாலு நாள் எனக்குச் சோறு அக்கா வீட்டில்தான். பால்காரர் காசு வாங்காமல் பால் ஊற்றினார். பூங்காவில் புல் திரும்பி முளைத்த பிறகு ஷிப்ட் முடிந்த பையன்களும் ஊர்க்காரர்களும் கரையில் உட்கார ஆரம்பித்தார்கள். நான் அந்தப் பக்கம் போனாலே, "இன்னா சார், இன்னிக்கு மூட்றியா, தொறக்கிறியா" என்று யாராவது கேட்பார்கள். மூன்று வருடம் யாரையும் தெரியாமல் குடியிருந்தவன், குற்றவாளியைத் தேடிய ஒரே வாரத்தில் பாதி ஊரைத் தெரிந்துகொண்டிருந்தேன்.

நான் அன்று செய்ததில் எது சரி, எது தப்பு என்பது இன்றைக்கும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. குழப்பம் என்னோடு கூடப் பிறந்தது, அது போகாது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் தனியாகக் குழம்புவதில்லை, பக்கத்தில் யார் இருந்தாலும் முதலில் போய்க் கேட்டுவிடுகிறேன்.