சுரக்குடி தோல் முகாமில் ஒரு ஞாயிறு

மார்கழியில் விரலிடுக்கில் அரிப்பு தொடங்கியது. இரவானால் கூடும். தஞ்சாவூரில் நல்ல தோல் மருத்துவர் இருக்கிறார். ஆனால் அவர் மகள் நான் பாடம் நடத்தும் வகுப்பில் படிக்கிறாள். தை மாத ஞாயிறு ஒன்றில் காரைக்கால் பக்கம் சுரக்குடியில் இலவச முகாம் என்று கேள்விப்பட்டேன். ஒரு டியூப் களிம்பு, ஒரு புகைப்படம் என்ற அளவில்தான் இலவச முகாம்கள்மீது எனக்கு நம்பிக்கை. அங்கே என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பதால் கிளம்பினேன்.

காலை ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் காரைக்கால். அங்கிருந்து ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய்.

"திருநள்ளாறு கோயிலுங்களா?"

"இல்லைங்க, சுரக்குடி. தோல் முகாம்."

ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "கம்பியைப் பிடிக்காம உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் பிடித்துக்கொண்டேதான் போனேன்.

பள்ளிக்கூடத்தில் முகாம். பெண்கள் வரிசையில் எனக்கு முன்னால் ஜன்னத், முப்பது வயதிருக்கும். காரைக்கால் டவுனிலேயே பார்க்காமல், மாமியாருக்குத் தெரியாமல் இவ்வளவு தூரம் வந்திருந்தாள். ஒரு மாதமாக நாலு வயது மகளைப் பக்கத்தில் படுக்கவிடவில்லை. "வியாழக்கிழமை மச்சான் துபாய்லேருந்து வர்றாங்க. ரெண்டு வருசம் ஆச்சு" என்று கணவரைப் பற்றிச் சொல்லிவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். ஏற்கெனவே ரகசியமாக மருந்து வாங்கிப் பூசியிருக்கிறாள். அரிப்பு போய்விட்டுத் திரும்ப வந்துவிட்டதாம்.

"நீங்க மட்டும் பூசுனா வரத்தான் செய்யும்" என்றார் டாக்டரம்மா. "இது சிரங்கு. அரிப்பு இருக்கோ இல்லையோ, வீட்ல எல்லாரும் ஒரே ராத்திரி பூசணும். ஒரு வாரம் கழிச்சு மறுபடியும். மாமியார்கிட்ட சொல்லிடுங்க."

வெளியே வேப்பமரத்தடியில் நின்று, விரல்கள் புண் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள்; வரிசையில் நின்ற எனக்கும் கேட்டது. மறுமுனையில் மாமியார்: "அடியே, எனக்கும்தான் இருவது நாளா அரிக்கிது. நீ ஒரு மாதிரி நெனப்பியேன்னு மூடிக்கிட்டுக் கெடந்தேன். எல்லாத்துக்கும் சேத்து வாங்கிட்டு வா. உன் முதுகுக்கு நான் பூசுறேன், எனக்கு நீ பூசு."

ஜன்னத் சிரித்தாள், அழுதாள். பிறகு நாலு பேருக்கு மருந்து கேட்க உள்ளே ஓடினாள்.

என்னிடமும் டாக்டர் கேட்டார்: "வீட்ல எத்தனை பேருங்க?"

"நான் மட்டும்தான்."

"அப்ப சுலபம்."

போக நினைப்பவர்களுக்கு: முகாம் சனிக்கிழமை வந்தால் வேண்டாம், திருநள்ளாறு கோயில் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காது. மறைக்காமல் வீட்டோடு போங்கள். துணிமணியை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். மருந்தைக் கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை விடாமல் பூச வேண்டும். தனியாக இருப்பவர்களுக்கு முதுகின் நடுவில் ஓர் உள்ளங்கை அளவு இடம் எட்டாது. அகப்பைக் காம்பில் பழந்துணி சுற்றிக்கொண்டால் எட்டும்.