வாத்து இறங்காத குட்டை

நத்தை பொறுக்கியே பட்டம் வாங்கியவள் நான். கும்மிடிப்பூண்டியில் ரயிலை விட்டு இறங்கி, தேர்வாய் கண்டிகைப் பக்கம் போகும் பஸ்ஸில், ஷிப்டுக்குப் போகிறவர்கள் நடுவே வலையும் டப்பாவுமாக நிற்பேன். மாதம் இரண்டு முறை, ஒரே குட்டைக்கு. நத்தைகளையும் அவற்றுக்குள் வளரும் தட்டைப்புழுக்களையும் எடுத்துவந்து, மரபணுவில் எத்தனை ரகம் என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி.

அந்தப் புழு ஆட்டின் ஈரலில் இருந்துகொண்டு முட்டையிடும். முட்டை புழுக்கையோடு தண்ணீருக்கு வரும். பொரிந்த குஞ்சு நத்தைக்குள் புகுந்து பெருகி, வெளியே நீந்திவந்து கரைப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். புல்லை ஆடு தின்னும். எனக்கு இது மனப்பாடம். அந்தக் கரையில் ஆடு மேய்த்த அக்காவுக்குத் தெரியாது.

அவருக்கு ஐந்து ஆடுகள். கணவருக்கு இரும்புக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. அது இல்லாத மாதங்களில் ஆடுகளை நம்பித்தான் வீடு. நான் சேற்றில் இறங்கினால் போதும், கிண்டல் ஆரம்பமாகிவிடும்.

“இன்னா மேடம், எங்க ஊரு நத்தைய பூரா நீயே அள்ளிக்கினு போறியே, கொழம்பு கிழம்பு வெக்கிறியா?”

முடிவுகள் பிரமாதமாக வந்தன. அச்சு அசலாக ஒன்றுபோலிருந்த நத்தைகள் மரபணுவில் வேறு வேறாக இருந்தன. புழுக்களில் இன்னும் அதிக ரகம். ஒரே குட்டையிலா என்று என் பேராசிரியர் வாயைப் பிளந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அறுப்பு முடிந்த சமயம். ஆந்திரா பக்கத்திலிருந்து வந்த வாத்துக்காரர், வெட்டிய வயல்களில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னிடம் வந்தார்.

“வாத்துக்காரரு இந்தக் குட்டையில ஒரு வாரம் வாத்த உடறேன்றாரு மேடம். நத்தைய துன்னுடுமாம், ஆட்டுக்கு நல்லதாம். உடட்டா?”

அது ஊர்க் குட்டை. என்னைக் கேட்கவே வேண்டியதில்லை. படித்தவள் என்ற மரியாதைக்காகக் கேட்டார்.

“இப்ப வேணாங்க்கா. என் வேலை கெட்டுடும். முடிஞ்சதும் நானே சொல்றேன்.”

“அதுக்கின்னா, உன் படிப்பாச்சே” என்று வாத்துக்காரரை அனுப்பிவிட்டார்.

கரைப் புல்லில் ஆட்டை விடாதீர்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆடு வராவிட்டால் முட்டை வராது, நத்தையில் புழு குறையும், என் ஆராய்ச்சி பாழாகும். அடுத்த தடவை சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த தடவையும் விட்டேன். சீ, என்ன பிறவி நான்!

கோடையில் ஒரு நாள் அக்காவிடமிருந்து போன்.

“சினை ஆடு பூட்ச்சு மேடம். தாடைக்குக் கீழ வீங்கிக்கினு, எழுந்துக்கவே இல்ல. ஈரல்ல புழுன்னு மாட்டு டாக்டரு சொல்றாரு. உனுக்குப் புழு வேணுமே, வந்து எடுத்துக்கினு போ.”

முதல் ரயிலில் போனேன். ஈரலைக் கீறினால் சின்னச் சின்ன இலைகள் மாதிரி புழுக்கள். அக்கா பக்கத்தில் அழுதுகொண்டிருந்தார். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். நத்தையில் பார்த்த அதே ரகமா என்று சோதித்தேன், அதேதான். என் ஆய்வேட்டிலேயே எல்லோரும் பாராட்டிய பக்கம் அது.

பட்டம் கிடைத்து, அடுத்த அறுப்பும் முடிந்த பிறகு, ஸ்வீட் பாக்ஸோடு போனேன். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். கரையில் இரண்டே ஆடுகள் நின்றன.

“டாக்டராய்ட்டியா! செத்த ஆடு உன் படிப்புக்காச்சும் ஆச்சே” என்று என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

“வாத்துக்காரரு போன மாசமும் வந்தாரு. நீ இன்னும் சொல்லலியேன்னு திருப்பி அனுப்ச்சிட்டேன். இப்ப உடலாமா மேடம்?”

“விடுங்கக்கா” என்றேன். மன்னிப்புக்குப் பதிலாக ஸ்வீட் பாக்ஸை நீட்டினேன்.