படாக் நிலை வாங்கப் போகிறீர்களா? சிவப்பை நம்பிப் போகாதீர்கள்

சிதம்பரத்தில் அக்கா வீடு கட்டுகிறாள். வெள்ளிக்கிழமை நிலைவாசல் வைக்க நாள் குறித்தாகிவிட்டது. நிலைதான் இன்னும் வாங்கவில்லை. எங்கோ பார்த்த ஆப்பிரிக்க படாக் மரத்தின் சிவப்பில் மயங்கி, தேக்கே வேண்டாம் என்றுவிட்டாள். புதன் காலை ஏழரைக்கு அவள் கணவரும் நானும் கடலூர் பஸ் ஏறினோம்.

மரக்கடைக்குப் போகிறவர்கள் முதுநகரிலேயே இறங்கிவிடுங்கள். சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். பஸ் ஸ்டாண்டு வரை போனால் திரும்பி வர ஆட்டோ செலவு தண்டம்.

கடையில் தயாராக ஒரு நிலை இருந்தது. செக்கச்செவேல். மாமா கைக்குட்டையை அங்கிருந்த பாலிஷ் ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தார். துணி சிவந்துவிட்டது.

"பாத்தியா மச்சான்! சாயம் அடிச்சு வச்சிருக்கான். வா போலாம்."

"வாய்க்கு வந்ததப் பேசாதீங்க சார்" என்று கடைக்காரர் எழுந்தேவிட்டார்.

எனக்கு எரிச்சல். படாக்கின் இயற்கை நிறமே ஸ்பிரிட்டில் கரையும். சுவருக்குள் போகிற முனையில் ஒரு துண்டு அறுக்கச் சொன்னேன். உள்ளேயும் அதே சிவப்பு. தூள் ஆரஞ்சாகப் பறந்தது.

"அசல் மரந்தான் மாமா. ஆனா வெயில் பட்டா கறுத்துடும்."

கடைக்காரர் என்னை முறைத்தார். "தம்பி, நீங்க வாங்க வந்தீங்களா, கெடுக்க வந்தீங்களா?"

மாமாவுக்கு முகம் தொங்கிவிட்டது. "கலருக்காகத்தான்டா உங்க அக்கா இதக் கேட்டா. நீயே சொல்லு அவகிட்ட."

போன் போட்டுச் சொன்னேன். "வெள்ளிக்கிழமைக்கு வேற எங்கடா போறது? எடுத்துக்கிட்டு வாங்க" என்று வைத்துவிட்டாள்.

வாங்கப் போகிறவர்களுக்கு: படாக் நம் வேங்கை மரத்துக்குச் சொந்தம். தேக்கைவிடக் கனம், கரையான் லேசில் தொடாது, காய்ந்தபின் அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது. இழைப்புளி நன்றாக ஓடும். மரத்தின் இழை பின்னிய இடங்களில் மட்டும் பிய்த்துக்கொண்டு வரும். அறுக்கும்போது மாஸ்க் போடுங்கள், தூள் மூக்கைப் பிடுங்கும். வெளிர் மரத்தோடு சேர்த்து ஸ்பிரிட் பாலிஷ் போடாதீர்கள், சிவப்பு அதில் ஊறிவிடும். கறுப்பதை எந்த வார்னிஷும் நிறுத்தாது; தள்ளித்தான் போடும்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் மேற்குப் பார்த்தது. நான்கு மாத வெயிலில் நிலை புளி நிறத்துக்கு வந்துவிட்டது. நிலை வைத்த அன்று நவதானியத்தை முடிந்து மேலே கட்டிய மஞ்சள் துணிக்கு அடியில் மட்டும் பழைய சிவப்பு அப்படியே இருக்கிறது. வீடு பார்க்க வருகிறவர்களிடம் அக்கா துணியைத் தூக்கிக் காட்டி, "இதாங்க ஒரிஜினல் கலரு" என்கிறாள்.

"தூக்கித் தூக்கிக் காட்டினா அதுவும் கறுத்துடும்" என்றேன்.

"நீ வாய மூடுறியா?" என்றாள்.